பயனர்பெயரில் எழுத்து விலக்கு: யூனிக்சு வழி முறைமைகளின் விதிகளும் தமிழ் எழுத்தமைப்பும்

0. முன்னுரை

கணிப்பொறியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் முறைமைகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் வழங்கப்பெறுகிறது. அதுவே பயனர்பெயர். நுழைவின்போது தட்டச்சு செய்யப்படுவதும், கோப்புகளின் உரிமையாளரைச் சுட்டுவதும், பல இடங்களில் மின்னஞ்சல் முகவரியின் முற்பகுதியாக அமைவதும் இதுவேயாகும். யூனிக்சும் அதன் வழிவந்த லினக்சு முதலிய முறைமைகளும் இப்பெயரில் வரத்தக்க எழுத்துகளை வரையறுத்துள்ளன. இயல்பான அமைப்பில் அவை ஏற்பன ஆங்கிலச் சிறிய எழுத்துகள், 0 முதல் 9 வரையிலான எண்கள், அடிக்கோடு, இடைக்கோடு ஆகியன மட்டுமே. தமிழ் உள்ளிட்ட பிற எழுத்துமுறைகள் யாவும் விலக்கப்பட்டுள்ளன.

இவ்விலக்கினைத் தொழில்நுட்பத் தேவை என்று ஏற்பாரும், மொழிப் புறக்கணிப்பு என்று சாடுவாரும் உளர். இரு சாராரும் விதியின் உட்கூறுகளைப் பகுத்து நோக்குவதில்லை. எவ்வெழுத்து எக்காரணத்தால் விலக்கப்பட்டது, அக்காரணம் இன்றும் நிலைபெறுகின்றதா, விலக்கை நீக்கும்பொழுது தமிழ் எழுத்தமைப்பு எழுப்பும் சிக்கல்கள் யாவை என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. எடுத்துக்காட்டிற்கு மைசூர் நகரின் மண்டி மொஹல்லா என்னும் பகுதியின் பெயர் கொள்ளப்படுகிறது. கன்னடம், உருது, தமிழ் ஆகிய மூன்றும் வழங்கும் பழைய நகர்ப்பகுதியின் பெயராதலின், ஒரே பெயர் வெவ்வேறு எழுத்துமுறைகளில் அடையும் நிலையை ஒப்பிட்டுக் காண்பதற்கு இது ஏற்றதாகும்.

1. விலக்கின் காரணங்கள்

1.1 பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிசு ரிட்சி முதலியோர் 1969ஆம் ஆண்டிலிருந்து உருவாக்கிய யூனிக்சில், பயனர் பற்றிய செய்திகள் ஒரு பாடக்கோப்பில் வரிக்கு ஒருவராக எழுதப்பட்டன. ஒவ்வொரு வரியிலும் கூறுகளைப் பிரிப்பது முக்காற்புள்ளி. எனவே பெயருக்குள் முக்காற்புள்ளி வருமாயின் வரி பிழைபடும். சாய்கோடு கோப்புப் பாதையின் பிரிப்பான்; பயனரின் இல்ல அடைவு அவர் பெயராலேயே அமைவதால் அதுவும் ஆகாது. இடைக்கோடு கட்டளையின் விருப்புகளைத் தொடங்கும் குறியாதலின் பெயரின் முதலில் வருதல் கூடாது. உரிமையாளரை மாற்றும் கட்டளை பெயரையும் ஏற்கும், எண்ணையும் ஏற்கும். ஆதலின் எண்ணால் மட்டும் அமைந்த பெயர் மயக்கம் தரும். முற்றுப்புள்ளியோ அக்கட்டளையின் பழைய வடிவில் உரிமையாளர் பெயரையும் குழுவின் பெயரையும் பிரிக்கப் பயன்பட்டது. பெரிய எழுத்து விலக்கப்பட்டதற்கும் வரலாற்றுக் காரணம் உண்டு. பெரிய எழுத்து மட்டுமே உடைய முனையங்கள் இருந்த காலத்தில், பெயர் முழுதும் பெரிய எழுத்தில் வருமாயின் அத்தகைய முனையம் என்றே முறைமை கருதிக்கொண்டது.

1.2 இக்காரணங்கள் யாவும் குறிப்பிட்ட சில குறிகளைப் பற்றியன. தமிழ் எழுத்துகள் இவற்றுள் எதனாலும் விலக்கப்படவில்லை என்பது நோக்கத்தக்கது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லை. அவ்வகையில் ஆங்கில எழுத்துக்குரிய ஒரு சிக்கல் தமிழுக்கு இல்லை. தமிழ் விலக்கப்பட்டதன் காரணம் வேறு. அன்றைய முறைமை ஏழு இரும எண்களால் ஆன 128 குறிகளை மட்டுமே அறிந்திருந்தது. அறியாததை அது எண்ணிப் பார்த்து விலக்கவில்லை, அறியாமையாலேயே விலக்கியது.

1.3 இந்நிலை பின்னர் மாறியது. 1991ஆம் ஆண்டின் யூனிக்கோடு முதற்பதிப்பில் தமிழுக்கு இடம் கிடைத்தது. 1992ஆம் ஆண்டில் அதே கென் தாம்சனும் ராப் பைக்கும் யூடிஎப்-8 என்னும் குறியாக்கத்தை வகுத்தனர். ஆங்கில எழுத்தல்லாத குறியொன்று பல பைட்டுகளால் எழுதப்படும்பொழுது, அப்பைட்டுகளுள் ஒன்றேனும் முக்காற்புள்ளியாகவோ சாய்கோடாகவோ தவறாகப் படிக்கப்படுவதற்கு இடமில்லாதவாறு இக்குறியாக்கம் அமைந்தது. யூனிக்சின் கோப்பமைப்பைக் குலைக்காமல் உலக எழுத்துகள் அனைத்தையும் அதனுள் செலுத்துவதே இதன் நோக்கம். ஆகவே மேற்கூறிய கோப்பமைப்புக் காரணம் தமிழைப் பொறுத்தவரை அன்றே நீங்கியது. காரணம் நீங்கிய பின்னும் விதி நின்றுவிட்டது.

1.4 விதி ஒருமைப்பாடு உடையதன்று என்பதும் கருதத்தக்கது. பாசிக்சு தரம் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் முற்றுப்புள்ளியையும் பெயர்வு எளிமைக்கு உரியனவாக ஏற்கிறது. லினக்சு வழங்கல்கள் பலவற்றின் இயல்பமைப்பு அவற்றை ஏற்பதில்லை. இத்தகைய முரண் தீங்கும் விளைத்துள்ளது. லினக்சின் சேவை மேலாளராகிய சிசுடம்டி, எண்ணில் தொடங்கும் பெயரைச் செல்லாதது எனக் கருதிப் பயனரைச் சுட்டும் வரியைப் புறக்கணித்தது. அதனால் அச்சேவை முதன்மை நிர்வாகியின் முழு உரிமையோடு இயங்கியமை 2017ஆம் ஆண்டில் பெரும் விவாதத்திற்கு உள்ளாயிற்று. வேறொரு நிரல் ஏற்ற பெயரை இந்நிரல் மறுத்ததே இதன் மூலம். எனவே, பழைய விதி பாதுகாப்பானது; புதிய எழுத்துகளே இடர் தருவன என்னும் வாதம் முழுமையானதன்று.

2. 'எழுத்து' என்னும் கலைச்சொல்

2.1 தமிழிலக்கணத்திலும் எழுத்து வரையறைகள் உண்டு. மொழிக்கு முதலில் வரும் எழுத்துகள், இறுதியில் வரும் எழுத்துகள் ஆகியவற்றைத் தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மொழிமரபு கூறுகிறது. மெய்கள் தம்முள் மயங்கும் முறையை நூன்மரபு கூறுகிறது. பயனர்பெயர் விதியும் புறத்தோற்றத்தில் இதனை ஒத்ததே. முதலில் இன்னது வரலாகாது, இடையில் இன்னது வரலாம் என்றே அதுவும் பேசுகிறது. ஆனால் இலக்கண விதி மொழியின் ஒலியமைப்பிலிருந்து கண்டறியப்பட்டது. பயனர்பெயர் விதி கருவியின் தேவையிலிருந்து விதிக்கப்பட்டது. கருவி மாறினால் மாறவேண்டிய விதி அது.

2.2 மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் இடர் இங்கேதான் எழுகிறது. ஆங்கில இடைமுகத்தில் 'எழுத்துகளை மட்டும் இடுக' என்னும் பொருள்பட வரும் செய்தி, ஆங்கிலம் படிப்போர்க்கு ஏறத்தாழ உண்மையானது. அதனை அப்படியே தமிழாக்கினால் அது பொய்யாகிறது. தமிழ் படிப்பவர்க்கு எழுத்து என்பது அகரம் முதல் னகரம் ஈறாக உள்ளதே. அவர் தம் பெயரைத் தமிழில் இடுகிறார், முறைமை மறுக்கிறது, மீண்டும் அதே செய்தியைக் காட்டுகிறது. பிழை அவருடையதன்று. 'சிறிய எழுத்து' என்னும் தொடரும் அவ்வாறே. தமிழ் எழுத்தில் அதற்குப் பொருளில்லை. 'ஆங்கில அகரவரிசையின் சிறிய எழுத்துகள்' என்று வெளிப்படக் கூறுதலே நேரிய மொழிபெயர்ப்பாகும். மூலத்தில் இல்லாத 'ஆங்கில' என்னும் அடைமொழி இங்கு மிகையன்று. மூலம் சொல்லாமலே கொண்டிருந்த பொருளை அது வெளிக்கொணர்கிறது.

2.3 பயனரைச் சேர்க்கும் கட்டளைகளில், விதிக்குப் பொருந்தாத பெயரை வற்புறுத்திச் சேர்ப்பதற்கு ஒரு விருப்பு உண்டு. அதன் ஆங்கிலப் பெயர் 'பேட்நேம்' என்பதாகும். இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'கெட்ட பெயர்' என்றாகும். தமிழில் கெட்ட பெயர் என்பது பழியைக் குறிக்கும் தொடர். ஒருவர் தம் தாய்மொழியில் எழுதிய இயற்பெயரை இத்தொடரால் சுட்டுதல் பொருந்தாது. 'விதிக்கு அடங்காப் பெயர்' என்பது ஏற்புடையது. மூல ஆங்கிலச் சொல்லும் குறையுடையதே. விதியின் குறைபாட்டைப் பெயரின் குறைபாடாக அது மாற்றிக் காட்டுகிறது.

2.4 நிரல்மொழிகளிலும் எழுத்து பற்றிய குழப்பம் உண்டு. பைத்தான் மொழியின் இயல்பான பாங்குதேடல் பொதி, யூனிக்கோட்டின் இணைகுறிகளைச் சொல்லின் உறுப்பாகக் கொள்வதில்லை. தமிழின் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் இணைகுறிகளாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. ஆகவே 'தமிழ்' என்னும் சொல் அதன் கணக்கில் ஒரு சொல்லாக நில்லாமல் சிதறுகிறது. இதே பைத்தானின் மூன்றாம் பதிப்பு தமிழ்ச் சொல்லை மாறியின் பெயராக வைத்துக்கொள்ள இசைகிறது. ஒரே மொழியின் ஒரு பகுதி பெயர் என ஏற்பதை மற்றொரு பகுதி சொல்லே அன்று என்கிறது. பயனர்பெயரைச் சரிபார்க்கும் நிரலை எழுதுவோர் இத்தகைய பொதியையே நம்பினால், தமிழை ஏற்க விரும்பியும் ஏற்க இயலாத நிலை உண்டாகும்.

3. அளவுக் கட்டுப்பாடு

3.1 எழுத்து விலக்கு நீங்கினாலும் அளவு விலக்கு நிற்கும். பழைய யூனிக்சின் நுழைவுப் பதிவேட்டில் பெயருக்கு 8 பைட்டுகளே ஒதுக்கப்பட்டிருந்தன; லினக்சின் அப்பதிவேட்டில் 32 பைட்டுகள் உள்ளன. இந்த அளவு எழுத்தால் எண்ணப்படவில்லை, பைட்டால் எண்ணப்படுகிறது. ஆங்கிலத்தில் இவ்விரண்டும் ஒன்றே, தமிழில் வேறு.

3.2 மண்டி மொஹல்லா என்பதை இடைவெளியின்றி எழுதினால் தமிழில் ம, ண், டி, மொ, ஹ, ல், லா என 7 எழுத்துகள். யூனிக்கோட்டில் இவை 12 குறியெண்கள். யூடிஎப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் 3 பைட்டு கொள்வதால் மொத்தம் 36 பைட்டுகள். கன்னடத்தில் அனுசுவாரத்தோடு எழுதும்பொழுது 11 குறியெண்கள், 33 பைட்டுகள். உருதுவில் வழக்கமான எழுத்துக்கூட்டலில் 8 குறியெண்கள். குறியெண்ணுக்கு 2 பைட்டு வீதம் 16. உரோமன் எழுத்தில் 12 எழுத்துகள், 12 பைட்டுகள். 32 என்னும் எல்லைக்குள் உரோமனும் உருதும் அடங்குகின்றன. கன்னடம் ஒரு பைட்டாலும் தமிழ் நான்கு பைட்டாலும் எல்லையைக் கடக்கின்றன. எழுத்தெண்ணிக்கையில் உரோமனைவிடச் சுருங்கிய தமிழ் வடிவம் பைட்டுக் கணக்கில் அதனைப்போல் மும்மடங்காகிறது.

ஆட்பெயர்களிலும் இதே நிலை. மீனாட்சிசுந்தரம் என்பது 9 எழுத்துகள், 16 குறியெண்கள், 48 பைட்டுகள்.

3.3 மற்றொரு நுட்பமும் உண்டு. 'மொ' என்பதன் ஒகரக் குறியை யூனிக்கோட்டில் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் ஆகிய இரண்டாகவும் எழுதலாம். இரண்டாம் முறையில் மேற்கண்ட பெயர் 13 குறியெண்களும் 39 பைட்டுகளும் ஆகும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் முறைமைக்கோ அவை இரு வேறு பயனர்கள். இதனைத் தவிர்க்க, பெயரைப் பதிவு செய்யுமுன் ஒரே வடிவிற்குக் கொணரும் இயல்பாக்கம் தேவை. பழைய பயனர்கோப்பு அமைப்பில் அதற்கான இடமே இல்லை.

3.4 எல்லையை மீறிய பகுதியை வெட்டிவிடும் நிரல்களும் உள. 8 பைட்டில் வெட்டினால் மண்டி என்பதில் 'மண' என்பதே முழுமையாக எஞ்சும். புள்ளியின் இரு பைட்டுகள் சிதைந்து நிற்கும். மெய் உயிர்மெய்யாகிவிடுகிறது. வெட்டு எழுத்தின் எல்லையில் நிகழவேண்டும் என்பதே இதனால் பெறப்படுவது.

3.5 தமிழ்நாட்டரசு 2010ஆம் ஆண்டில் யூனிக்கோட்டோடு சேர்த்து ஏற்ற டேசு-16 குறியாக்கம், ஒவ்வொரு தமிழெழுத்திற்கும் ஒரு குறியெண் தருகிறது. அம்முறையில் மண்டிமொஹல்லா 7 குறியெண்களே. யூடிஎப்-8 வழி எழுதினாலும் 21 பைட்டுகளில் அடங்கும். எனினும் அது யூனிக்கோட்டின் தனிப்பயன் பகுதியில் அமைந்தது. அப்பகுதியின் குறிகளுக்கு 'எழுத்து' என்னும் பண்பு வரையறுக்கப்படவில்லை. ஆதலின் பன்னாட்டுப் பயனர்பெயர் விதிகள் அவற்றை ஏற்பதில்லை. அளவுச் சிக்கலுக்கு நல்ல விடையாக அமைவது ஏற்புச் சிக்கலில் தோற்கிறது.

4. உரோமன் எழுத்தில் தமிழ்ப்பெயர்

4.1 விலக்கின் நடைமுறை விளைவு, தமிழர் தம் பெயரை உரோமனில் எழுத நேர்வதாகும். இதனால் எழுத்து வேறுபாடுகள் இழக்கப்படுகின்றன. மண்டி, மந்தி, மாண்டி ஆகிய மூன்றும் உரோமனில் ஒரே ஐந்தெழுத்தாகக்கூடும். வள்ளியும் வல்லியும் ஒன்றாகின்றனர். குமரனும் குமாரனும் ஒருவராகின்றனர். முறைமையோ ஒரு பெயரை ஒருவர்க்கே தரும். முந்தியவர் பெயரைப் பெறுகிறார்; பிந்தியவர் தம் பெயரோடு ஓர் எண்ணைச் சேர்த்துக்கொள்கிறார். தமிழில் இருவர்க்கும் வெவ்வேறு பெயர் இருந்தும் இந்நிலை.

4.2 இதற்கு நேர்மாறாக, ஒரு தமிழ்ப்பெயர் பல உரோமன் வடிவங்களாகவும் பிரிகிறது. சண்முகம் என்பதன் முதலெழுத்தைத் தமிழகத்தில் எஸ் என்றும் எஸ்எச் என்றும் எழுதுவர். இலங்கையில் சிஎச் என எழுதும் வழக்கும் உண்டு. பள்ளிச் சான்றிதழில் ஒரு வடிவம், கடவுச்சீட்டில் ஒரு வடிவம், பயனர்பெயரில் ஒரு வடிவம் என ஒருவரே மூவராகத் தோன்றும் நிலை ஆவணங்களை ஒப்பிடுமிடத்து உண்மையான இன்னலாகிறது. தமிழ் வடிவம் பெரும்பாலும் ஒன்றே. மொஹல்லா, மொகல்லா எனக் கிரந்த எழுத்தைச் சார்ந்த வேறுபாடுகள் தமிழிலும் உள்ளன. ஆயினும் அவை எண்ணிக்கையில் குறைவு, வரையறுக்கத்தக்கன.

4.3 தலைப்பெழுத்தும் இங்குக் கருதத்தக்கது. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னிட்டுப் புள்ளி வைத்து எழுதுவது தமிழ் வழக்கு. அப்புள்ளியும் விலக்கப்பட்டது, மெய்யெழுத்தின் புள்ளியும் விலக்கப்பட்டது. முன்னதற்குப் பழைய கட்டளையொன்றின் இலக்கணம் காரணமாக உள்ளது. பின்னதற்கு அத்தகைய காரணம் எதுவும் இல்லை.

4.4 இந்திய மொழிகளுக்கென உருவான முறைமையும் இதற்கு விலக்கன்று. சிடாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட பாசு லினக்சு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழி இடைமுகங்களைக் கொண்டது. அது டெபியன் வழங்கலை அடியொற்றியதாதலின் பயனர்பெயர் மரபினையும் அதனிடமிருந்தே பெற்றது. திரையெங்கும் தமிழ் அமைய, வாயிலில் மட்டும் உரோமன் எழுத்து நிற்கிறது.

5. பன்னாட்டு விதியும் புள்ளியும்

5.1 விலக்கை நீக்க முயன்ற விதிகளும் உள்ளன. இணையப் பொறியியல் பணிக்குழு 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆர்எப்சி 8265 என்னும் ஆவணம் பயனர்பெயர்க்கு உலக எழுத்துகளை ஏற்கிறது. ஒகரக் குறி போன்ற இருவகை எழுத்தீட்டையும் இயல்பாக்கத்தால் ஒன்றாக்குகிறது. இது பாராட்டத்தக்கது. ஆயினும் தமிழ் நோக்கில் சில குறைகள் சுட்டத்தக்கன.

5.2 முதலாவது, தோற்ற ஒருமை. 'கௌரி' என்பதில் ககரத்தோடு ஔகாரக் குறி வருதல் முறை. எகரக் குறியும் ளகரமும் இட்டு 'கெளரி' என எழுதுவாரும் பலர். 'ஔவை', 'ஒளவை' என்பனவும் அவ்வாறே. இயல்பாக்கம் இவற்றை ஒன்றாக்காது. ஏனெனில் ளகரம் உண்மையிலேயே வேறு எழுத்து. தமிழ் எண்களுள் ௧, ௨, ௭, ௮ ஆகியன முறையே க, உ, எ, அ என்பவற்றோடு மயங்கும். இவ்வெண்களை ஏற்கும் விதி, தமிழெண் மரபின் இன்றியமையா உறுப்பாகிய ௰, ௱, ௲ ஆகியவற்றை வகைப்பாடு கருதி ஏற்பதில்லை.

5.3 இரண்டாவது, மேலும் அடிப்படையானது, புள்ளி பற்றியது. இணைப்பைத் தடுக்கும் வெற்றுக்குறி ஒன்று யூனிக்கோட்டில் உண்டு. அதற்குத் தனி வடிவம் இல்லை. தேவநாகரி போன்ற எழுத்துகளில் விராமத்தின்பின் மெய்கள் கூட்டெழுத்தாவதைத் தடுக்க அது பயன்படுகிறது. ஆதலின் விராமத்தை அடுத்து வரின் அதனை ஏற்கலாம் என்று விதி கூறுகிறது. யூனிக்கோடு தமிழ்ப் புள்ளியையும் விராம வகையிலேயே சேர்த்துள்ளது. ஆனால் தமிழ்ப் புள்ளியின் தொழில் வேறு. மெய் புள்ளியோடு நிற்பதே அதன் இயல்பு எனத் தொல்காப்பியர் கொண்டார். புள்ளி கூட்டெழுத்தை ஆக்குவதன்று. அகரம் இன்மையை வெளிப்படக் காட்டுவது. 'க்ஷ' போன்ற கிரந்த வழிக் கூட்டெழுத்திலன்றிப் பிற இடங்களில் அவ்வெற்றுக்குறியால் தமிழ் வடிவத்தில் மாற்றம் எதுவும் விளைவதில்லை. எனவே 'மண்டி' என்பதன் ணகர மெய்யை அடுத்து அதனைச் செருகினால், கண்ணுக்குச் சிறிதும் வேறுபடாத மற்றொரு 'மண்டி' கிடைக்கும். விதி இரண்டையும் ஏற்கும். ஒருவர் பெயரில் மற்றொருவர் நடிப்பதற்கு இது வழி தரும்.

பழைய விதி புள்ளியை எழுத்தே அன்று என விலக்கிற்று. புதிய விதி அதனை விராமமாக மதித்து ஏற்றது. இரண்டும் புள்ளியின் இயல்பை உணர்ந்தன அல்ல.

5.4 தமிழறிந்தோர் பங்குகொண்ட விதியாக்கம் இதனினும் மேம்பட்டது என்பதற்குச் சான்று உண்டு. 2010–2011ஆம் ஆண்டுகளில் .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா ஆகிய தமிழ் உயர்நிலைக் களப்பெயர்கள் நிறுவப்பெற்றன. பின்னர் நியோ-பிராமி குழு, தமிழுக்குரிய மூலமண்டல விதித்தொகுதியின் முன்மொழிவை 2019ஆம் ஆண்டில் அளித்தது. ஏற்கத்தக்க எழுத்துகளின் பட்டியல், அவை அடுத்து வரும் முறை, ஒன்றாகத் தோன்றும் மாற்றுவடிவங்கள் என எழுத்துமுறைதோறும் தனித்தனியே ஆராயும் நெறி அது. மேற்கூறிய வெற்றுக்குறிக்கு மூலமண்டலத்தில் இடமில்லை. களப்பெயர்க்கு இயன்றது பயனர்பெயர்க்கும் இயலும்.

6. மறுப்பும் அமைதியும்

பயனர்பெயர் உரோமனிலேயே இருத்தல் வேண்டும் என்பார் கூறும் காரணங்களுள் வலுவானது ஒன்று உண்டு. முறைமை பழுதுற்ற வேளையில் நிர்வாகி வெறும் உரைமுனையத்தில் பணியாற்ற நேரும். லினக்சின் உரைமுனையம் 512 வடிவங்களுக்கு மேல் கொள்ளாது. குறிகளைச் சேர்த்துத் தமிழை உருவாக்கும் ஆற்றலும் அதற்கு இல்லை. படிக்கவியலாத, தட்டச்சு செய்யவியலாத பெயர் அங்கு இடையூறே. இதனை மறுத்தற்கில்லை.

ஆனால் இக்காரணம் நிர்வாகியின் பெயர்க்குப் பொருந்துமேயன்றிப் பயனர் அனைவர்க்கும் பொருந்தாது. மேலும், யூனிக்சு உள்ளுக்குள் பயனரை எண்ணாலேயே அறிகிறது. பெயர் மனிதர்க்காக வைக்கப்பட்ட அடையாளம். மனிதர்க்கான அடையாளம் அம்மனிதர் படிக்கும் எழுத்தில் அமைதல் முறையே. பயனர்கோப்பின் ஐந்தாம் கூறு முழுப்பெயர்க்கு உரியது. தமிழை அதில் எழுதலாம். நுழைவுத்திரையில் இக்கூற்றையே முதன்மையாகக் காட்டுதல் இப்பொழுதே இயலும் இடைக்காலத் தீர்வாகும். எனினும் மின்னஞ்சல் முகவரியிலும் இல்ல அடைவிலும் அது வராது. முழுத் தீர்வாகக் கொள்ளுதல் இயலாது.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு:

அ. முக்காற்புள்ளி, சாய்கோடு, முதலில் வரும் இடைக்கோடு ஆகியவற்றின் விலக்கு காரணமுடையது, தொடரத்தக்கது. பிற எழுத்துமுறைகளின் விலக்கிற்குரிய கோப்பமைப்புக் காரணம் யூடிஎப்-8 வருகையோடு நீங்கியது.

ஆ. பயனர்பெயரின் அளவு பைட்டால் அன்றி எழுத்தால் வரையறுக்கப்பட வேண்டும். வெட்ட நேரின் எழுத்தின் எல்லையில் வெட்டவேண்டும்.

இ. பதிவிற்கு முன் இயல்பாக்கம் கட்டாயமாதல் வேண்டும். கௌ, கெள போன்ற மாற்றுவடிவங்களுள் ஒன்று பதிவானால் மற்றது பிறர்க்கு வழங்கப்படலாகாது. தமிழெண்களைப் பெயரில் தவிர்க்கலாம். ஒரே பெயரில் இரு எழுத்துமுறைகள் கலத்தலும் கூடாது. தமிழ் உகரமும் மலையாள உகரமும் தோற்றத்தால் மயங்குவன.

ஈ. தமிழில் புள்ளியை அடுத்த வெற்றுக்குறி ஏற்கப்படலாகாது. 'க்ஷ' ஒன்றன்பொருட்டு எல்லா மெய்க்கும் அதனைத் திறந்துவிடுதல் பொருந்தாது.

உ. இடைமுகத்தைத் தமிழாக்குவோர், 'எழுத்து' எனும் சொல் எவ்வெழுத்தைச் சுட்டுகிறது என்பதை வெளிப்படக் கூறவேண்டும். விதி மாறும்வரை, விதியின் எல்லையைப் பயனர்க்கு உண்மையாக அறிவிக்கும் பொறுப்பு மொழிபெயர்ப்பாளருடையது.

இவற்றுள் இறுதியானது எவர் இசைவிற்கும் காத்திராமல் இன்றே செய்யத்தக்கது. ஏனையவற்றிற்கு நிரலாளரோடு மொழியியலாளரும் கூடியமர்தல் வேண்டும். களப்பெயர்க் குழுவில் நிகழ்ந்த அக்கூட்டுமுயற்சி பயனர்பெயர்க்கும் நிகழுமாயின், தம் பெயரைத் தமக்குத் தெரிந்த எழுத்தில் எழுதி நுழையும் உரிமை கன்னடர்க்கும் உருது பேசுவோர்க்கும் தமிழர்க்கும் ஒப்பக் கிட்டும்.